செல்லையா சொன்ன பதில்

யாங்கோனில் இன்யா ஏரிக்கரையில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் உதயசூரியனை யாரும் அவன் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவனுடைய அடையாள அட்டையில் நே லின் என்ற பர்மியப் பெயர்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, சூரியன் என்ற பொருள் விட்டுப்போகாமல் வாத்தியார் வைத்துக் கொடுத்த பெயர். வீட்டு ஆட்களோ அதையும் சொல்லாமல் 'ஸயா' என்றார்கள். ஊசியும் மருந்தும் தெரிந்த யாரையும் அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு அவன் வருவான். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன ஒரு கிழவரின் இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, அவர் இரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து, நான்கு மணி நேரம் கழித்து அவருக்குள்ளேயே திருப்பிச் செலுத்திவிட்டுப் போவான்.

கிழவரை எல்லோரும் அபா என்றார்கள். பெரியவர் என்று அர்த்தம். ஒரு காலத்தில் பெரிய இராணுவ அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அலோன் பகுதியின் ஆற்றங்கரையில் பாதிக் கிடங்குகள் அவர் கைக்கு வந்திருந்தன. எண்பத்தொரு வயது. பேச்சும் புத்தியும் தெளிவாகவே இருந்தன. ஆனால் அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நடமாடிக்கொண்டிருந்தது. மூத்த மனைவியின் மகளைக் கட்டியவன் மின் லாட், கிடங்குகளையெல்லாம் நடத்திவந்தவன். இளைய மனைவியின் மகன் ஸேயா. சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவன். இருவரும் கிழவரின் கட்டிலருகே வந்து குனிந்து நின்று, ஒருவரைப் பற்றி ஒருவர் மெதுவாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். மருந்து சரியில்லை என்பான் ஒருவன். மருந்து வாங்கியவன் சரியில்லை என்பான் மற்றவன். சமையற்காரியிலிருந்து கார் ஓட்டி வரை ஆளுக்கொரு பக்கம். பழைய பர்மிய மன்னர்களின் மாண்டலே அரண்மனையில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று உதயசூரியன் நினைத்துக்கொள்வான். இயந்திரத்தின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அவனை யாரும் ஒரு ஆளாகவே கருதவில்லை. அதனால் அவன் காதில் எல்லாம் விழுந்தது.

அதற்காகத்தான் அவன் வந்திருந்தான்.

அவனுடைய அப்பா செல்லையா, அலோனில் அபாவின் நாலாம் நம்பர் கிடங்கில் வாசல் காவல்காரராக இருந்தவர். கிடங்கை ஒட்டிய இரண்டு அறைக் குடியிருப்பில்தான் குடும்பம். அம்மா அம்சவேணி. தங்கை சாந்தி ஒரு தையல் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உதயசூரியன் அப்போது பினாங்கில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்த்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேர் அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்து செல்லையாவையும் அம்சவேணியையும் சாந்தியையும் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். சாந்தி அன்று காய்ச்சலென்று படுத்திருந்தாளாம். போர்வையோடு கிடந்தாளாம். உதயசூரியன் வந்து சேர்ந்தபோது மூன்று உடல்களும் தைக்கப்பட்டு, துணி சுற்றி, முகம் மட்டும் திறந்து வைக்கப்பட்டிருந்தன. கொள்ளி வைத்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை. பினாங்கிலிருந்து தங்கைக்கு வாங்கி வந்திருந்த கைக்கடிகாரம் சட்டைப் பையில் இருந்ததை மயானத்திலிருந்து திரும்பும் வழியில்தான் கவனித்தான். அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ்காரர்கள் நாலே நாளில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மாரிச்சாமி என்ற மூட்டை தூக்கும் தொழிலாளி. திருட வந்த இடத்தில் கொன்றுவிட்டான் என்றார்கள். உதயசூரியன் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குத் தெம்பு இல்லை. நீதிமன்றத்தில் கூண்டில் நின்றபடி அந்த ஆள் இவனைப் பார்த்துத் தமிழில், "தம்பி, உங்கப்பா எனக்கு மாமன் மாதிரிப்பா. நான் செய்யலப்பா" என்று கதறினான். உதயசூரியன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தான். கொலைகாரன், கொலைகாரன் என்று தொண்டை கிழியக் கத்தினான். பின் வரிசையில் மாரிச்சாமியின் மனைவி சத்யபாமா எட்டு வயது மகளை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கமும் திரும்பி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். காவலர்கள் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். மாரிச்சாமிக்கு ஆயுள் தண்டனை. இரண்டு வருடத்தில் சிறையிலேயே காசநோயில் செத்துப்போனான்.

அவன் செத்த பிறகுதான் உண்மை மெல்ல வாய் திறந்தது. நகரின் பபேடான் பகுதியில் ஒரு காகிதக் கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல் ஸமீரா உதயசூரியனை வரச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரிச்சாமி க்யிம்யிண்டைங் படகுத் துறையில் நாற்பது பேரோடு அரிசி ஏற்றிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்தவன் ஒருவன், இனி பயந்து என்ன ஆகப்போகிறது என்று ஸமீராவிடம் வந்து சொல்லியிருந்தான். அலோனில் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டதென்று இன்னொன்றும் சொன்னான். குடியிருப்புக்கு அந்த மூன்று பேரும் வந்த வண்டி, அபா வீட்டு வண்டி.

"அந்த வீட்டுக்குள்ள யாருன்னு தெரியணும் தம்பி," என்றார் ஸமீரா. "தெரிஞ்சாலும், அந்த வீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறந்தாத்தான் உண்டு. வெளியேயிருந்து தட்டித் திறக்கிற கதவு இல்ல அது."

உதயசூரியன் மனு எழுதினான். திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி எழுதினான். ஒவ்வொரு அலுவலகத்திலும் பெஞ்சில் உட்கார்ந்தான். வருடங்கள் போயின. நாட்டில் என்னென்னவோ நடந்தது, அதிகாரிகள் மாறினார்கள், பெஞ்சு மட்டும் மாறவில்லை. பிழைப்புக்கு யாங்கோனிலேயே ஒரு தனியார் சிறுநீரக மையத்தில் சேர்ந்தான். ஒரு நாள் அந்த மையத்தின் பெரிய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, இன்னார் வீட்டில் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அங்கே போக நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும் என்றார். கை தூக்கியவன் உதயசூரியன் ஒருவன்தான்.

முதல் நாள் கிழவரின் கையைத் தொட்டபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தோலுக்கடியில் இரத்தக்குழாய் கயிறு மாதிரிப் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. குத்தினான். கிழவர் முகம் சுளிக்கவில்லை. "கை லேசா இருக்கு ஸயா," என்றார்.

முதல் ஒரு வருடம் கேட்டதிலிருந்து அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் போதும். கதவுக்கு வெளியே நின்று ஸேயா தன் தாயிடம் சொன்னது ஒரு நாள் காதில் விழுந்தது. "நாலாம் நம்பர் விஷயத்தை அப்பா மன்னிச்சார் இல்ல, அதுலதான் மின் லாட்டுக்கு இவ்வளவு துணிச்சல்." அன்றைக்கு இயந்திரத்தின் எண்களை அவனால் படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தான்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஸேயா அவனைத் தோட்டத்துக்கு அழைத்தான். கையில் அவனுடைய அடையாள அட்டையின் நகல். அந்த நாட்டு அட்டையில் அப்பா பெயரும் இருக்கும், முன்னால் 'ஊ' என்ற மரியாதைச் சொல்லோடு.

"ஊ செல்லையா," என்று நிதானமாகப் படித்தான் ஸேயா. "நாலாம் நம்பர் கிடங்கு. இல்லையா?"

தப்பி ஓட வழி இருக்கிறதா என்று கூட உதயசூரியன் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க. உங்களுக்கு வேண்டியது எனக்கும் வேணும். மின் லாட் பேரைப் போட்டுக் கொலைப் புகார் கொடுங்க. வண்டி ஓட்டினவன் என்கிட்ட இருக்கான், சாட்சி சொல்லுவான். இந்தத் தடவை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

பபேடானுக்குப் போய் ஸமீராவிடம் சொன்னான். அவர் கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அவங்க வீட்டுச் சண்டைக்கு உங்கப்பா பேரை எரிக்கப் பார்க்கிறாங்க தம்பி."

"எரிக்கட்டும்கா. கொஞ்சமாவது வெளிச்சம் வரட்டும்."

"வெளிச்சம் வந்ததும் அணைச்சிடுவாங்க."

"அப்போ நீங்க எழுத மாட்டீங்களா?"

ஸமீரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இழுத்தார். "எழுதறேன். எழுதக் கூடாதுன்னு நான் சொல்லலியே. எதிர்பார்க்காதேன்னுதான் சொல்றேன்."

புகாரை அன்றே வாங்கிக்கொண்டார்கள். அலுவலகத்தில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். லப்பயே என்கிற பால் தேநீர் கூடக் கொடுத்தார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவனுடைய அப்பா, அம்மா, தங்கை பெயர்களைச் சரியாக எழுதிக்கொண்டார். சாந்தி என்பதற்கு எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அன்று இரவு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மூன்றாவது வாரம் மின் லாட் வீட்டுக்கு வரவில்லை. நான்காவது வாரம் அவன் மனைவி சாமான்களைக் கட்டுவதை உதயசூரியன் பார்த்தான். பாங்காக்குக்குப் போகிறார்களாம். ஆற்றங்கரைக் கிடங்குகள் எல்லாவற்றையும் மின் லாட், ஸேயாவின் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று சமையற்காரி சொன்னாள். ஏதோ ஒரு காகிதத்தைக் காட்டினார்களாம், பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் போனதாம்.

உதயசூரியன் புகார் கொடுத்த அலுவலகத்துக்கு ஓடினான். நாற்காலி போட்ட அதே ஆள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு மனு வரவே இல்லையே" என்றான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. வண்டி ஓட்டியவனும் எங்கே என்று தெரியவில்லை. தோட்டத்தில் ஸேயாவைப் பிடித்துக் கேட்டபோது அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவன் ஊரை விட்டே போயிட்டான். அதுவே தண்டனைதானே ஸயா? அப்பாவை நல்லாப் பார்த்துக்கோங்க" என்றான்.

அன்று அவன் அலோனுக்கு நடந்தே போனான். நாலாம் நம்பர் கிடங்கு இருந்தது, குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு லாரி டயர்களை அடுக்கியிருந்தார்கள். அம்மா அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தான். சரியாகப் பிடிபடவில்லை. அதுதான் அவனை மிகவும் உடைத்துவிட்டது.

வேலையை விட்டுவிடலாமென்று நினைத்தான். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கால் தானாக அங்கே போய் நின்றது. தொடர்ந்து மூன்று தடவை போகாவிட்டால் கிழவர் செத்துப்போவார். கொல்ல வேண்டுமென்றால் அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வராமல் இருந்தால் போதும். அதை நினைத்துப் பார்த்தான். பல தடவை நினைத்துப் பார்த்தான். ஆனாலும் போனான். ஏனென்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

வெயில் கொளுத்திய சித்திரை மாதம். தண்ணீர்த் திருவிழா விடுமுறை. வேலையாட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஸேயாவும் அவன் தாயும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் மின்சாரம் போனது. 'மீ' என்று அங்கே சொல்லும் மின்சாரம் போவது அந்த ஊரில் அன்றாடம் நடப்பது; பத்து நொடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். அன்று பிடிக்கவில்லை. இயந்திரத்தின் பாட்டரி சிவப்பு விளக்கைக் காட்டி இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. பம்பு நின்றது. குழாய்களில் கிழவரின் இரத்தம் அப்படியே நின்றது.

"ஜெனரேட்டர்!" என்று உதயசூரியன் வாசலைப் பார்த்துக் கத்தினான். தோட்டக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்து, "டீசல் இல்லை ஸயா. நேத்துதான் ரொப்பினேன், இப்போ சொட்டு இல்லை" என்றான்.

நின்ற இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைந்தால் அவ்வளவும் வீண். அந்த வயதில், அந்த உடம்பில், அவ்வளவு இரத்தம் போனால் தாங்காது. யாரும் அவனைக் குற்றம் சொல்லப் போவதில்லை. மின்சாரம் போனது, டீசல் இல்லை. அவன் சும்மா நின்றால் போதும்.

கிழவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை.

இயந்திரத்தின் பின்னால் மடித்து வைத்திருந்த சிறிய கைப்பிடியை உதயசூரியன் பிடுங்கி எடுத்தான். பம்பின் நடுவில் செருகி, ஒரு கையால் மெல்லச் சுற்ற ஆரம்பித்தான். மறு கையால் குழாயின் பிடிப்பைத் தளர்த்தினான். காற்றுக் குமிழி வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே சுற்றினான். கரும்பு பிழிகிறவன் மாதிரி ஒரே சீராகச் சுற்ற வேண்டும்; வேகம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மின்விசிறி இல்லாத அறையில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"நீ செல்லையா பையன்தானே," என்றார் கிழவர்.

அவன் கை ஒரு சுற்றுத் தப்பியது. மறுபடி பிடித்துக்கொண்டது.

"முதல் மாசமே தெரியும். ஊசி குத்துறப்போ கீழ் உதட்டைக் கடிக்கிற. கேட்டுப் பூட்டைத் திறக்கறப்போ செல்லையா அப்படித்தான் கடிப்பான்."

"தெரிஞ்சும் ஏன் கையை நீட்டினீங்க?"

"ஒரு நாள் செய்வேன்னு நினைச்சேன். அதுவும் சரிதான்னு நினைச்சேன்." கிழவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ செய்யல. டீசலை எடுத்தது நீ இல்ல. என் வீட்டு ஆளே."

உதயசூரியன் சுற்றிக்கொண்டே இருந்தான். இரத்தத்தைப் பின்னாலிருந்து தள்ளும் உப்பு நீர் குழாயில் ஏறி, சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம்.

"எங்கப்பா என்ன செய்தார்?" என்றான். "ஒன்பது வருஷமா எனக்கு அது தெரியாது. அவர் என்னதான் செய்தார்?"

"ஒன்னும் செய்யல. நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான்." கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "என் சரக்கு காணாம போய்க்கிட்டிருந்தது. நானே ஒரு நாள் நாலாம் நம்பருக்குப் போனேன். எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு, யார் வண்டியில போகுதுன்னு கேட்டேன். மின் லாட் என் பக்கத்துலதான் நின்னான். எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. செல்லையா மட்டும் என் முகத்தைப் பார்த்து, உங்க மருமகன் வண்டிங்க ஐயா, செவ்வாய்க்கிழமை தோறும் வருதுன்னான். அவ்வளவு பேர் முன்னால நான் அவனைக் கேட்டிருக்கக் கூடாது. அந்த ஞாயித்துக்கிழமையே அது நடந்துபோச்சு."

"யாருன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே."

கடைசிச் சொட்டும் உள்ளே போயிற்று. உதயசூரியன் ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தான். பத்து நிமிடம் அப்படிப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அவனுடைய கண்ணீர் கிழவரின் கையிலும் மெத்தையிலும் விழுந்தது. தாய், தகப்பன், தங்கைக்காக அவன் வாய்விட்டு அழுதது அன்றுதான், அவர்களைக் கொன்றவனைக் காப்பாற்றியவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

"மாரிச்சாமின்னு ஒருத்தர் ஜெயில்ல செத்தார்," என்றான் கடைசியில். "அதுவும் தெரியுமா?"

கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெரிந்திருந்தது.

"எழுதிக் கொடுங்க. எல்லாத்தையும்."

"எழுதறேன்."

புதன்கிழமை ஸமீரா வந்தார். கிழவர் சொல்லச் சொல்ல எழுதினார். மின் லாட்டின் பெயர், வெட்டிய மூன்று பேர் பெயர், வண்டி எண், மாரிச்சாமியைப் பிடிக்கச் சொல்லிப் போன தொலைபேசி. எல்லாம் வந்தது. ஆனால் ஒரு இடத்தில் கிழவர் நின்றார். இதெல்லாம் தனக்கு மூன்று வருடத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது என்று எழுதச் சொன்னார்.

உதயசூரியன் எழுந்து நின்றான். "பொய். அன்னிக்கே தெரியும்னு என்கிட்ட சொன்னீங்க."

"உன்கிட்ட சொன்னேன். காகிதத்துல சொல்ல மாட்டேன்."

ஸமீரா அவனை ஜன்னலோரம் கூட்டிப்போய்த் தமிழில் பேசினார். "இந்த ஒரு வரிக்காகப் பிடிவாதம் பிடிச்சா மத்தது அத்தனையும் போயிடும் தம்பி. இவர் இன்னிக்கு மனசு மாறினா, நாளைக்கு இவர் மகன் இந்த வீட்டுக்குள்ள என்னை விட மாட்டான்."

"ஸமீராக்கா, ஒரு பொய்யாலதான் மாரிச்சாமி செத்தாரு."

"ஆமா. இந்தப் பொய்யை வாங்கிக்கிட்டாத்தான் அவர் பேர் மீளும். நீ சொல்லு, நான் கேட்கிறேன்."

ஏரியைப் பார்த்தபடி அவன் நெடுநேரம் நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். "எழுதுங்க," என்றான். அந்த வார்த்தையைச் சொன்னபோது அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன மனிதர். அவர் மகன் இதைச் சொல்கிறான் என்று நினைத்தான்.

கையெழுத்துப் போட்டதும் கிழவர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ நாலு வார்த்தை பேசினார். அவ்வளவுதான். ஒன்பது வருடம் அசையாத வழக்கு எட்டே நாளில் அசைந்தது. நீதிபதியே வீட்டுக்கு வந்து வாக்குமூலத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனார். நியாயம் கூட இந்த ஊரில் ஒரு பெரிய மனிதர் போடும் தொலைபேசியில்தான் வருகிறது என்பது உதயசூரியனுக்குக் கசந்தது. கடற்கரையிலிருந்து திரும்பிய ஸேயா எதையும் தடுக்கவில்லை. கிடங்குகள் ஏற்கெனவே அவன் கையில் இருந்தன. டீசல் எப்படித் தீர்ந்தது என்று யாரும் விசாரிக்கவும் இல்லை.

வெட்டிய மூவரில் ஒருவன் முன்பே செத்துப்போயிருந்தான். இருவர் பிடிபட்டார்கள். மின் லாட் தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்தார்கள்; பாங்காக்கிலிருந்து அவனை யாரும் கொண்டுவரவில்லை, இனிக் கொண்டுவருவார்கள் என்று தோன்றவும் இல்லை. கிழவர் ஆடி மாதம் தூக்கத்தில் இறந்தார். கடைசித் திங்கள் வரை உதயசூரியன் போய்க்கொண்டிருந்தான். பத்திரிகையில் முழுப் பக்கம் அவர் படம் வந்தது. நாட்டுக்குச் செய்த தொண்டு, கட்டிய பகோடாக்கள், அளித்த தானங்கள் எல்லாம் அதில் இருந்தன.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்த அன்று அவன் அதைப் பை ஒன்றில் வைத்துக்கொண்டு க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனான். சத்யபாமா அங்கே கீரையும் வாழைப்பூவும் விற்கிறாள் என்று ஸமீரா சொல்லியிருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை, நீதிமன்றத்தில் பார்த்த முகம் அவனுக்கு மறந்திருக்கவில்லை. முடி நரைத்திருந்தது. அவளும் அவனைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்தே?"

"அக்கா, தீர்ப்பு வந்திருக்கு. மாரிச்சாமி அண்ணன் நிரபராதின்னு..."

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"எழுத்துல வந்திருக்குக்கா."

அவள் சிறிது நேரம் அவன் பையையே பார்த்தாள். "எனக்குப் பர்மா எழுத்து வராது. படி."

அவன் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, பர்மிய எழுத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தான். அப்பா பெயர், அம்மா பெயர், சாந்தி பெயர் வந்த இடத்தில் அவன் குரல் நின்று நின்று போனது. சத்யபாமா இடையில் தடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் பேர் வர்ற இடத்தைப் படி." படித்தான். "இன்னொரு தடவை." படித்தான். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து கீரை என்ன விலை என்றாள். சத்யபாமா கையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டாள்.

"உடம்பைக் கூட எங்ககிட்ட குடுக்கல," என்றாள். "ஒரு சட்டையும் ஒரு லோன்ஜியும் குடுத்தாங்க. அவ்வளவுதான்."

"நான் அன்னிக்குச் செய்ததுக்கு..."

"என்கிட்ட சொல்லாத." அவள் குரலில் கோபம் கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "உனக்கும் மூணு உசுரு போச்சு. அந்த நெலமையில நானா இருந்தாலும் செருப்பை எறிஞ்சிருப்பேன். ஆனா எம்மக எட்டு வயசுல அதைப் பார்த்துட்டா. அப்பா நிஜமாவே செய்தாரான்னு அவ என்னைக் கேட்டா. பத்து வயசுல கேட்டா, பதினஞ்சு வயசுலயும் கேட்டா. நான் இல்லேன்னுதான் சொல்லுவேன். அம்மா வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு நினைச்சுக்குவா. அவகிட்ட நீ வந்து சொல்லு."

அவள் வீடு சந்தைக்குப் பின்னால், ஆற்றுக்குப் போகும் சந்தில் இருந்தது. மரப் படிகளில் ஏறியதும் மகள் தீரி தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள். பதினேழு வயதுப் பெண். தாய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்த கணத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

உதயசூரியன் தமிழில் ஆரம்பித்தான். நாலு வார்த்தைக்குள் அவள் முகத்தில் தெரிந்தது. தமிழ் அவளுக்குக் காதில் விழும், நெஞ்சுக்குள் இறங்காது. அவன் நிறுத்தினான். வழியெல்லாம் மனதுக்குள் கோர்த்து வைத்திருந்த தமிழ் வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டுப் பர்மிய மொழியில் சொன்னான்.

"உங்க அப்பா அதைச் செய்யல. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அவர் உண்மையைச் சொன்னார், நான்தான் கேட்கல."

கீழே சந்தில் ஒரு தள்ளுவண்டி கடகடத்துக்கொண்டு போனது. பிறகு தீரி கையை நீட்டினாள். காகிதத்தைக் கேட்கிறாள் என்று புரிந்துகொள்ள அவனுக்குச் சற்று நேரமானது. கொடுத்தான். அவள் ஜன்னலோரம் போய் நின்று, முதல் வரியிலிருந்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினாள். தாயும் அவனும் நின்றபடி காத்திருந்தார்கள்.